டான்ஸ்டாக் குவரி (ரியாக்ட் போன்றவற்றில் எழுதும் ஆப்களில் சர்வர் டேட்டாவை எடுத்து, வைத்து, புதுப்பிக்கும் லைப்ரரி) பயன்படுத்தியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கானாடுகாத்தானிலிருந்து:
பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை ஹோட்டலாக நடத்துபவர்களுக்கு ரூம் புக்கிங் ஸ்கிரீனைத் திருத்திக் கொடுத்தேன். ஏற்கெனவே இருந்த கோடில் யூஸ்எஃபெக்ட்டுக்குள் (ஸ்கிரீன் வந்த பிறகு ஓடும் ரியாக்ட் ஹூக்) ஃபெட்ச் (சர்வரிலிருந்து டேட்டா எடுப்பது), வந்த டேட்டா அத்தனையும் ரிடக்ஸில் (ஆப் முழுவதற்குமான பொது டேட்டா இருப்பு). ரிசப்ஷனில் ரூமைக் கொடுத்தால் இரண்டாங்கட்டில் இருக்கிற ஆபீஸ் சிஸ்டத்தில் காலி என்றே காட்டும், மேனேஜர் எஃப்5 தட்டியே காலத்தை ஓட்டினார். குவரியைப் போட்டதும் டேபுக்குத் திரும்பினாலே புது டேட்டா தானாக வந்தது. அதே டேபைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் வராது, அதற்கு ரீஃபெட்ச்இன்டர்வல் (எத்தனை நேரத்துக்கு ஒருமுறை மறுபடி எடுக்க வேண்டும் என்பது) தனியாகக் கொடுக்க வேண்டும்.

அப்புறம்தான் வேடிக்கை. விருந்தினர் விவரத்தைப் பாதி அடித்துவிட்டு, பாஸ்போர்ட் போட்டோ பார்க்க வாட்ஸ்அப் டேபுக்குப் போய் வந்தால் அடித்தது காணாமல் போகும், அதுவும் எப்போதாவதுதான். காரணம் இது: திரும்ப எடுத்த டேட்டா பழையதைப் போலவே இருந்தால் குவரி பழைய ஆப்ஜெக்ட்டையே வைத்துக்கொள்ளும், ஃபார்முக்கு ஒன்றும் ஆகாது, நடுவில் ஆபீஸில் யாராவது அட்வான்ஸை ஏற்றியிருந்தால் புது ஆப்ஜெக்ட் வரும், உடனே ஃபார்மை நிரப்புவதற்கு இருந்த பழைய யூஸ்எஃபெக்ட் அதை மறுபடி நிரப்பிவிடும். அந்த யூஸ்எஃபெக்ட்டைத் தூக்கிவிட்டு, டேட்டா வந்த பிறகு ஃபார்மை மவுன்ட் செய்து (ஸ்கிரீனில் ஏற்றி) அதையே தொடக்க மதிப்பாக ஒரே தடவை கொடுத்தேன். சேமிக்கும்போது மாற்றிய ஃபீல்டுகளை மட்டும் அனுப்புங்கள், முழு ஆப்ஜெக்ட்டையும் அனுப்பினால் ஆபீஸ்காரர் ஏற்றிய அட்வான்ஸ் அழிந்துபோகும், அந்தச் சண்டை யாருக்கு வேண்டும்!

காரைக்குடியிலிருந்து:
அண்ணே, எங்களுக்குக் குவரி கீயில்தான் (எடுத்து வைத்த டேட்டாவை அடையாளம் காட்டும் பெயர்) தலைவலி. ஆத்தங்குடி டைல்ஸ் ஆர்டர் ஆப், முன்னால் பார்த்த ஆள் கீயில் 'டைல்ஸ்' என்று மட்டும் போட்டிருந்தார். அளவை மாற்றினாலும் பழைய அளவின் லிஸ்ட்தான் நிற்கும். அளவையும் நிறத்தையும் கீக்குள் சேர்த்ததும் சரியானது. டான்ஸ்டாக்கின் இஎஸ்லின்ட் (கோடில் தவறு தேடும் கருவி) பிளக்இன் போட்டால் இதை முன்கூட்டியே பிடித்துவிடும்.

தேவகோட்டையிலிருந்து:
ஸ்டேல்டைமையும் ஜிசிடைமையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவது, டேட்டா எவ்வளவு நேரம் புதிது என்பது, சும்மா விட்டால் 0. இரண்டாவது யாரும் பயன்படுத்தாத டேட்டா எவ்வளவு நேரம் மெமரியில் கிடக்கலாம் என்பது, சும்மா விட்டால் 5 நிமிடம். 2023இல் வந்த 5ஆம் பதிப்புக்கு முன் இதற்கு கேஷ்டைம் என்று பெயர், அதனால்தான் பாதிக் குழப்பம். கண்டாங்கிச் சேலை கேட்டலாக் அடிக்கடி மாறாது என்பதால் நான் ஸ்டேல்டைமை ஒரு மணி நேரமாக வைத்திருக்கிறேன், ஸ்டாக் எண்ணிக்கைக்கு மட்டும் 0.