கிணத்தடிப் புளியமரத்தில ரெண்டு கண் மின்னுது, இது என்ன?

தம்பலகாமம் வயல்கரை:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட வளவு தம்பலகாமத்தில, பின்வேலி தாண்டினா பத்தைக்காடுதான். மூண்டு நாளா ராத்திரி ஒம்பது மணிக்குப் பிறகு கிணத்தடியில ரோச் அடிச்சா புளியமரத்தில ரெண்டு கண் தணல் மாதிரி செம்மஞ்சளா மின்னுது, ரோச்சை நூத்தா ஒண்டுமில்ல, ஓடவும் இல்ல கத்தவும் இல்ல, கொப்பைப் பிடிச்சுக்கொண்டு மெல்ல மெல்ல நகருது. அம்மா தேவாங்கு எண்டுறா. பக்கத்து வீட்டு மாமா அது வீட்டுக்குக் கூடாது அடிச்சுப்போடு எண்டு நிக்கிறார். எனக்கு மனம் வரேல்ல. ஏன் கண் அப்பிடி எரியுது, இருட்டில அதுக்கு என்னெண்டு தெரியுது?

உப்புவெளிப் பெடியன்:
அண்ணா வால் இருக்கா எண்டு பாருங்கோ. மரநாய்க்கு நீட்டு வால், ஆளைக் கண்டா கூரைக்குப் பாஞ்சிடும். வாலில்லாட்டி தேவாங்குதான், சிங்களத்தில உணஹபுளுவா எண்டுற அதே சாமான். தயவுசெய்து அடிக்க விடாதேங்கோ, சட்டத்தால பாதுகாக்கப்பட்ட மிருகம் அது.

விலங்கியல் ரீச்சர்:
தம்பி, அந்த மினுக்கம் உங்கட ரோச் வெளிச்சம்தான். அதின்ட விழித்திரைக்குப் பின்னால கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கு, விழித்திரையால ஒருக்காப் போன வெளிச்சம் அதில பட்டுத் திரும்பவும் விழித்திரைக்கே வரும், அதால கொஞ்ச நிலவு வெளிச்சம் கிடைச்சாலும் ரெண்டு தரம் பிடிச்சுக்கொள்ளும், மிச்சம்தான் வெளிய வந்து உங்களுக்கு மின்னுது. திருகோணமலை பிரட்றிக் கோட்டைக்குள்ள நிக்கிற புள்ளிமானுக்கும் ராத்திரியில கண் மின்னுமே, அதே காரணம்தான். எங்களுக்கு அந்தப் படலம் இல்ல. மங்கின வெளிச்சத்துக்கு வேலை செய்யிற கோல் கலங்களும் அதுக்கு எக்கச்சக்கம்.

எனக்குப் பெரிய அதிசயம் அதின்ட கைகால். இரத்தக்குழாய் அங்க வலை மாதிரிப் பிரிஞ்சிருக்கு, அதால மணிக்கணக்கா ஒரே கொப்பை இறுக்கிப் பிடிச்சாலும் விறைக்காது. இலை அசையாமக் கிட்டப் போய் டப்பெண்டு பூச்சியை அமத்திப்போடும், எறும்பும் விரும்பித் தின்னும். ஆளைப் பாத்தா கால் கிலோ சொச்சம்தான் வரும், அதைப் போய் அடிக்கிறதா?

இன்னொண்டு, சும்மா ரோச்சை முகத்துக்கு அடிக்காதேங்கோ. சிவப்புக் கண்ணாடிப் பேப்பர் சுத்தி அடியுங்கோ, சிவப்பு அதுக்குப் பெரிசாத் தெரியாது. வேலிக்கும் புளிக்கும் இடையில தொடுக்கிற கொப்பையும் வெட்ட வேண்டாம், நிலத்தில இறங்கினா நாய் பிடிச்சிடும்.

கிண்ணியா விவசாயி:
ரீச்சர் சொன்னது சரி. கூகைக்கும் இதே கதைதான், கத்தினா சாவு வரும் எண்டு கல்லெறியிறாங்க. அதுக்கு ஒரு காது மேல ஒரு காது கீழ, சத்தம் ரெண்டு காதுக்கும் வித்தியாசமாப் போறதால கும்மிருட்டிலயும் எலி எங்க நிக்குதெண்டு கண்டுபிடிச்சிடும், செட்டை அடிக்கிற சத்தமும் கேக்காது. வயலில நெல்லைத் தின்னுற எலியை ஆர் பிடிக்கிறாங்க எண்டு அந்த மாமாவிட்டக் கேளுங்க தம்பி.

உப்புவெளிப் பெடியன்:
ரீச்சர் அப்ப வௌவாலுக்குக் கண் தெரியாதெண்டுறது?

விலங்கியல் ரீச்சர்:
பிழை. மாம்பழம் தின்ன வாற பெரிய வௌவால் கண்ணாலயும் மணத்தாலயும்தான் வருது. பூச்சி பிடிக்கிற சின்ன வௌவால்தான் கத்தி எதிரொலி கேட்டுப் பறக்கும், அதுக்கும் கண் தெரியும்.

தம்பலகாமம் வயல்கரை:
எல்லாருக்கும் நன்றி. நேற்று சிவப்புப் பேப்பர் கட்டிப் பாத்தம், வாலில்ல, தேவாங்கேதான். மாமாவையும் கூட்டிக்கொண்டு போனன். ஒரு கையால கொப்பைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால வெட்டுக்கிளியைத் தின்னுது, அவர் அரை மணித்தியாலம் அண்ணாந்து பாத்துக்கொண்டு நிண்டார். கொப்பு வெட்டேல்ல.