ஆக்சிநைட்ரைடு மென்படலம்: நைட்ரஜன் உள்ளே நிக்க மாட்டேங்குது, வழி சொல்லுங்க

வணக்கமுங்க. கோவை, ஈரோடு பக்கம் படலம் வளர்க்கிறவங்க பார்த்தா பதில் போடுங்க.

நான் வளர்க்கிறது லாந்தனம் டைட்டேனியம் ஆக்சிநைட்ரைடு (ஆக்சிஜனும் நைட்ரஜனும் சேர்ந்த சேர்மம்), மெக்னீசியம் ஆக்சைடு தளத்துல. ஆர்எஃப் ஸ்பட்டரிங் (பிளாஸ்மாவால டார்கெட்டை அடிச்சு, தெறிக்கிற அணுவைத் தளத்துல படிய வைக்கிறது), 2 அங்குல ஆக்சைடு டார்கெட், 80 வாட், தளம் 750 டிகிரி, ஆர்கான் 20, நைட்ரஜன் 8 எஸ்சிசிஎம் (நிமிஷத்துக்கு இத்தனை கன செ.மீ. வாயு). (ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் தளம் வேண்டாம்; எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன் படத்துல 46 டிகிரி பக்கம் அதோட உச்சியும் படலத்து உச்சியும் ஒட்டிக்கும்.)

படலம் செம்பழுப்பா வரணும், பட்டை இடைவெளி (ஒளியை உறிஞ்ச எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல்) 2.1 ஈவி (எலக்ட்ரான் வோல்ட்). வர்றதோ கண்ணாடி மாதிரி தெளிவா, வெறும் ஆக்சைடு. நைட்ரஜனைக் கூட்டினா கருத்துப்போகுது, 2.1 ஈவிக்கு ஈடான 590 நானோமீட்டர் தாண்டியும் ஒளியை உறிஞ்சுது, மின்தடையும் விழுது. டைட்டேனியம் நாலு பிளஸ்ல இருந்து மூணு பிளஸ் ஆகுதுன்னு (எலக்ட்ரான் கூடுதலா ஏறுதுன்னு) படுது. நைட்ரஜன் ஏறாததுக்கு முதல் சந்தேகம் வெற்றிட அறைச் சுவர்ல ஒட்டுன தண்ணிதான்: ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் ஈரக்காத்துல கதவைத் திறந்தா, 120 டிகிரில ராத்திரி பூரா சுட்டாலும் முழுசா போறதில்லை. அந்தத் தண்ணில இருந்து துளி ஆக்சிஜன் வந்தாலே நைட்ரஜனை முந்திக்கும்.

கேட்கறது:

வளர்த்த பிறகு 950 டிகிரி அம்மோனியாவுல சுட்டவங்க, எந்த வெப்பம் வரைக்கும் அம்மோனியாவுலயே ஆறவிட்டீங்க? வாயுவை உலர்த்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சின்ன உருண்டை போதுமா? கால்சியம் குளோரைடு ஆகாது, அம்மோனியாவையே பிடிச்சுக்கும்.

நைட்ரஜனை எக்ஸ்பிஎஸ்ல (எக்ஸ்ரே பட்டு வெளிவர்ற எலக்ட்ரானை அளக்கிற முறை) அளந்தா மேற்பரப்பு மட்டும் தெரியுது. ஆர்கானால சுரண்டினா நைட்ரஜன்தான் முதல்ல பறக்குது. டெல்லி ஐயுஏசில (முடுக்கி ஆய்வு மையம்) ஈஆர்டிஏ (வேகமான அயனி மோதித் தெறிக்கிற அணுவை வச்சு, ஆழவாரியா தனிமத்தை அளக்கிறது) எடுத்தவங்க, படலம் எத்தனை நானோமீட்டர் கனத்துல அனுப்புனீங்க?