நாகவல்லிக்குக் குரல் கொடுத்தவர் பாக்யலட்சுமியா, துர்காவா?

கேள்வி – கரிசல்குயில்

அனைவருக்கும் வணக்கம். ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தை (தமிழில் ‘சந்திரமுகி’யாக வந்த கதையின் மூலப்படம்) அண்மையில் மறுபடியும் மலையாளத்திலேயே பார்த்தேன். அதில் கங்கை என்ற பெண், எப்போதோ இறந்துபோன நாகவல்லி என்ற தமிழ் நாட்டியக்காரியாகவே தன்னை எண்ணத் தொடங்குகிறாள். கட்டிலை ஒரு கையால் தூக்கும் அந்தக் காட்சியில், கங்கையாக மலையாளம் பேசிக்கொண்டிருந்த ஷோபனா நாகவல்லியாக மாறித் தமிழில் சீறும்போது, அந்தத் தமிழில் மலையாள வாடை துளியும் இல்லை. ஷோபனாவுக்குக் குரல் கொடுத்தவர் பாக்யலட்சுமி என்று நெடுங்காலமாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். நாகவல்லியின் குரல் வேறொருவருடையது என்கிறார் என் நண்பர். எது சரி? பாக்யலட்சுமியைப் பற்றியும் விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் மகிழ்வேன்.

பதில் – பாலக்காட்டுக்காரி

உங்கள் நண்பர் சொல்வதே சரி. கங்கைக்கு பாக்யலட்சுமியும், தமிழ் பேசும் நாகவல்லிக்குத் தமிழ்க் குரல் கலைஞரான துர்காவும் குரல் கொடுத்தார்கள். நாகவல்லியின் வசனங்களையும் முதலில் பாக்யலட்சுமிதான் பேசியிருக்கிறார். இரண்டு பாத்திரங்களின் குரலும் ஒன்றுபோல் ஒலித்ததால் பிறகு துர்காவைப் பேசவைத்ததாக, படம் வந்து 20 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2016இல்தான் இயக்குநர் ஃபாசில் எழுதினார். அதுவரை நாகவல்லிக்கான பாராட்டும் பாக்யலட்சுமிக்கே போய்க்கொண்டிருந்தது. இதில் அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. தான் பேசியதை மாற்றிவிட்டார்கள் என்ற செய்தி பேசியவரையே எட்டாமல் போவது இந்தத் தொழிலில் நடக்கக்கூடியதுதான்.

அவருடைய வாழ்க்கையைப் பற்றிச் சொல்வதானால், கோழிக்கோட்டில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, சில காலம் அநாதை விடுதியில் இருந்து, பின்னர் பெரியம்மாவின் பொறுப்பில் சென்னையில் வளர்ந்தவர். மலையாளப் படவேலை பெரும்பாலும் சென்னையில் நடந்த காலம் அது. குழந்தை நட்சத்திரங்களுக்குக் குரல் கொடுக்கும் வேலை பத்து வயதையொட்டி அவருக்குக் கிடைத்தது. விரும்பித் தேர்ந்த கலை என்பதைவிட, பிழைப்புக்குக் கிடைத்த வழி என்பதே பொருந்தும். 1981இல் வந்த ‘கோளிளக்கம்’ படத்தில் சுமலதாவுக்குப் பேசினார். 1984இல் ‘நோக்கெத்தாதூரத்து கண்ணும் நட்டு’ படத்தில் நதியாவுக்குப் பேசிய பிறகு அவருக்கு ஓய்வே இல்லை. (தமிழில் ‘பூவே பூச்சூடவா’ என்று வந்ததே, அதன் மூலப்படம் அது.) சிறந்த டப்பிங் கலைஞருக்கான கேரள அரசு விருதை 1991இல் ‘உள்ளடக்கம்’, ‘என்டெ சூர்யபுத்ரிக்கு’ ஆகிய படங்களுக்காகப் பெற்றார், இரண்டிலும் திரையில் இருந்தவர் அமலா.

‘ஸ்வரபேதங்கள்’ என்ற தன்வரலாற்றுக்குக் கேரள சாகித்திய அகாதமி விருதும் பெற்றார். தன்னிரக்கம் காட்டாமல் எழுதப்பட்ட புத்தகம். மலையாளம் வாசிக்கத் தெரிந்தால் தவறவிடாதீர்கள்.

பதில் – பழைய ஒலிப்பதிவு உதவியாளன்

அம்மையார் குறிப்பிட்ட ‘கோளிளக்கம்’ படத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 1980 நவம்பரில் சோழவரத்தில் ஹெலிகாப்டர் சண்டைக் காட்சியின்போது நடிகர் ஜெயன் இறந்தது அந்தப் படத்தின் படப்பிடிப்பில்தான். அவர் பேசாமல் விட்டுப்போன வசனங்களை பலகுரல் கலைஞர் ஆலப்பி அஷ்ரஃப், ஜெயனின் குரலைப் போலவே பேசி முடித்தார்.

கோடம்பாக்கத்தில் சில ஆண்டுகள் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தவன் என்பதால் வேலைமுறையைச் சொல்கிறேன். படத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, இரு முனைகளையும் ஒட்டி, லூப்பாக ஓட விடுவார்கள். ஒரே துண்டு திரும்பத் திரும்பத் திரையில் வந்துகொண்டிருக்கும். அந்தக் காட்சியில் பேசுகிற எல்லாரும் ஒரே மைக்கைச் சுற்றி நிற்பார்கள். நான்காவது ஆள் ஒரு சொல்லில் தடுக்கினால் முதல் ஆளும் மீண்டும் தொடங்க வேண்டும். பெண் கலைஞர்கள் கண்ணாடி வளையல்களைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அழுகைக் காட்சி என்றால் ஏழாவது டேக்கிலும் அதே அழுகை வர வேண்டும். இப்போது ஒவ்வொருவரும் தனித்தனியே வந்து பேசிவிட்டுப் போகலாம். பிசகிய சொல்லை மட்டும் திருத்தலாம். எதிரே நிற்பவரின் மூச்சைக் கேட்டுப் பதில் பேசும் பழக்கம் அதனோடு போய்விட்டது என்பது என் எண்ணம்.

பதில் – மறுப்பவன்

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். 80களிலும் 90களிலும் மலையாளத்தில் அடுத்தடுத்து இரண்டு படங்கள் பார்த்தால், முகம் மாறும், குரல் மாறாது. பாக்யலட்சுமியின் திறமையை மறுக்கவில்லை. நாயகி என்றால் இந்தக் குரல் என்று தயாரிப்பாளர்கள் வழக்கமாக்கிக்கொண்டதைத்தான் சொல்கிறேன். ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்திலேயே இரு பாத்திரமும் ஒன்றுபோல் ஒலித்ததற்கு அவரை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமில்லை. ஒரே தொண்டையை இரண்டு பெண்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். அந்த நடிப்புக்காக ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. காதில் விழுந்த பாதி வேறு இருவருடையது.

பதில் – பாலக்காட்டுக்காரி

மறுப்பவன் அவர்களே, நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் ஷோபனாவின் கண்ணும் கழுத்து நரம்பும் செய்யாத எதையும் அந்தக் குரல்கள் செய்துவிடவில்லை. குரல் கலைஞர் அந்த முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

கேள்வி கேட்டவர் – கரிசல்குயில்

அனைவருக்கும் நன்றி. ஒலிப்பதிவு ஐயாவின் வளையல் செய்தியைப் படித்த பிறகு அந்தக் காட்சியை இன்னொரு முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். திரையைப் பார்த்தபோது ஒருத்தியாகத் தோன்றியவள், கண்ணை மூடியதும் இருவராகப் பிரிந்துவிட்டாள். மலையாள எழுத்துகள் எனக்குத் தெரியாது. ‘ஸ்வரபேதங்கள்’ தமிழில் கிடைக்குமானால் யாராவது தெரிவியுங்கள்.