சித்தப்பாவின் நைட்ரோ ட்ரக்குக்கு மோட்டார்

சனிக்கிழமை

அருண்: சித்தப்பா, பரணில் இருந்த, ரிமோட்டில் ஓடும் உங்கள் ஆர்சி ட்ரக்கை இறக்கிவிட்டேன், படம் பாருங்கள். எஞ்சின் இறுகிக் கிடக்கிறது, ஃப்ளைவீலைக் கையால் திருப்பினால் அசையவே இல்லை. எஞ்சினை எடுத்துவிட்டு, பேட்டரியில் ஓடும் பிரஷ்லெஸ் மின் மோட்டாருக்கு மாற்றிவிடலாமா? நீங்கள் சரி என்று சொல்லாமல் ஒரு திருகைக்கூடத் தொட மாட்டேன்.

சேகர் சித்தப்பா: கடைசியாக ஓட்டிய அன்று மழை பிடித்துக்கொண்டது. டாங்கைக் காலி செய்யாமல், எஞ்சினுக்குள் எண்ணெய் விடாமல் அப்படியே வைத்துவிட்டேன். நைட்ரோ எரிபொருளில் இருக்கும் மெத்தனால் ஈரத்தை இழுக்கும், உள்ளே பேரிங் துருப்பிடித்திருக்கும். மாற்று டா. ஆனால் எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிடாதே, துடைத்து எண்ணெய் தடவி ஒரு டப்பாவில் வை.

அருண்: கண்டிப்பாக சித்தப்பா.

திவ்யா அக்கா: மோட்டார் வாங்கியாயிற்றா?

அருண்: இல்லை அக்கா. 2650 கேவி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், 6எஸ் பேட்டரி போட்டால் பறக்கும் என்கிறார்கள்.

திவ்யா அக்கா: வேண்டாம் டா. கேவி என்றால் சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பது. 6எஸ் என்றால் ஆறு செல், 22.2 வோல்ட், பெருக்கினால் 58,830 வருகிறது, உன் வண்டியின் கியருக்கு அது ரொம்ப அதிகம். சித்தப்பா, அந்த எஞ்சின் எவ்வளவு சுற்றும்?

சேகர் சித்தப்பா: 3.5 சிசி எஞ்சின் அது, நன்றாக ட்யூன் செய்தால் 30,000ஐத் தாண்டும். எஞ்சின் பக்கத்துச் சின்ன கியரான கிளட்ச் பெல்லில் 13 பல், அது சுற்றும் பெரிய ஸ்பர் கியரில் 46.

திவ்யா அக்கா: அப்படியானால் வேலை சுலபம். 2000 கேவி மோட்டார், 4எஸ் பேட்டரி. 14.8 வோல்ட்டில் 29,600, முழு சார்ஜில் 16.8 வோல்ட் என்பதால் 33,600. எஞ்சின் சுற்றிய அதே அளவு, அதனால் கியர் விகிதத்தை மாற்றவே வேண்டாம். கிளட்ச் பெல்லுக்குப் பதிலாக மோட்டார் ஷாஃப்ட்டில் மாட்டும் சின்ன கியர், 13 பல் பினியன் வாங்கு, பல்லின் அளவு ஸ்பரோடு பொருந்த வேண்டும், துளை மோட்டார் ஷாஃப்ட்டுக்குப் பொருந்த வேண்டும். 1/8 அளவு வண்டி மோட்டாரில் ஷாஃப்ட் பெரும்பாலும் 5 மி.மீ.

மாலதி அத்தை: இந்த மோட்டாருக்குப் போடும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி தீப்பிடிக்கும் என்று கேள்விப்பட்டேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் அருண்.

திவ்யா அக்கா: பயம் நியாயம்தான் அத்தை. உப்பிப்போன பேட்டரி, அளவுக்கு மீறிய சார்ஜ், ஆள் இல்லாத நேரத்தில் சார்ஜ், இந்த மூன்றும் கூடாது. 5000 எம்ஏஎச் பேட்டரி என்றால் 5 ஆம்பியருக்கு மேல் வைக்க வேண்டாம், எப்போதும் எல்லா செல்லையும் சமமாக நிரப்பும் பேலன்ஸ் வயரையும் சொருகியே சார்ஜ் செய்ய வேண்டும். சில நாள் ஓட்டப்போவதில்லை என்றால் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும்.

மாலதி அத்தை: சரி. சிமெண்ட் தரையில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து சார்ஜ் செய். கட்டில் மேலே வேண்டாம்.

அருண்: அப்படியே செய்கிறேன் அத்தை.

அடுத்த சனிக்கிழமை

அருண்: எஞ்சின், டாங்க், பைப், த்ராட்டிலை இழுக்கும் குட்டி மோட்டாரான சர்வோ, பிரேக் தகடு எல்லாம் கழற்றியாயிற்று. எஞ்சின் இருந்த பக்கம் மோட்டார், டாங்க் இருந்த பக்கம் பேட்டரி, எடை இரண்டு பக்கமும் ஏறக்குறைய சரியாக நிற்கிறது. ஆனால் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சியை இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டினால் பத்து நிமிடத்தில் கழன்று வருகிறது.

சேகர் சித்தப்பா: அது எரிபொருளில் இருக்கும் எண்ணெய், சேஸி முழுக்க ஊறியிருக்கும். ஆல்கஹால் விட்டுத் துடை, துணியில் மஞ்சள் கறை வருவது நிற்கும்வரை துடை. அப்புறம் ஃப்ளைவீலுக்காக சேஸியில் ஒரு நீள வெட்டு இருக்கும் பார், அதை அடியிலிருந்து மூடிவிடு, இல்லையென்றால் கல் நேராக மேலே ஏறி கியரில் சிக்கும்.

அருண்: நாலு துணி வீணாயிற்று சித்தப்பா, இப்போது பிடித்துக்கொண்டது. இன்னொரு சிக்கல், ஈஎஸ்சியை ரிசீவரில் இரண்டாவது சேனலில் சொருகிவிட்டேன், முழு த்ராட்டில் கொடுத்தாலும் மோட்டார் பாதி வேகம்தான் போகிறது.

சேகர் சித்தப்பா: ரிமோட்டில் எண்ட் பாயிண்ட்டை, அதாவது த்ராட்டில் எவ்வளவு தூரம் போகலாம் என்ற எல்லையைப் பார். கார்புரேட்டர் முழுதாகத் திறந்த பிறகும் சர்வோ இழுத்துக்கொண்டே இருக்கக்கூடாது என்று நான் குறைத்து வைத்திருந்தேன். 100க்குக் கொண்டு வா, ட்ரிம்மை நடுவில் வை, அப்புறம் ஈஎஸ்சியைக் கேலிப்ரேட் செய்.

திவ்யா அக்கா: சிக்னல் அறுந்தால் வண்டியை நிறுத்தும் ஃபெயில்சேஃபையும் புதிதாக அமை. முக்கியமாக, பழைய ரிசீவர் பேட்டரியைக் கழற்றிவிட்டாயா? ஈஎஸ்சியே ரிசீவருக்கு மின்சாரம் தரும், இரண்டும் சேர்ந்து இருக்கக்கூடாது. ஸ்டியரிங் சர்வோ பழசு, 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, ஈஎஸ்சி ரிசீவருக்குத் தரும் வோல்ட்டை 7.4ல் வைத்துவிடாதே.

அருண்: பேட்டரி அன்றைக்கே எடுத்தாயிற்று. 6ல்தான் இருக்கிறது. மோட்டார் தலைகீழாகச் சுற்றியது, மூன்று வயரில் இரண்டை மாற்றிப் போட்டேன், சரியாகிவிட்டது.

திவ்யா அக்கா: உன்னுடையது சென்சார் இல்லாத மோட்டார், அதனால் மாற்றலாம். சென்சார் வயர் இருப்பதில் அப்படிச் செய்யக்கூடாது.

ஞாயிறு காலை

அருண்: போய்விட்டது. ஐந்து நிமிடம்கூட ஓடவில்லை. படார் என்று ஒரு சத்தம், மோட்டார் மட்டும் கத்துகிறது, வண்டி நகரவில்லை. ஸ்பரில் ஆறு பல் வரிசையாக இல்லை, கியர் பெட்டிக்குள் கறுப்பு பிளாஸ்டிக் தூள், அரிசிக் குருணை மாதிரி. மனசே சரியில்லை சித்தப்பா, உங்கள் வண்டியைக் கெடுத்துவிட்டேன்.

சேகர் சித்தப்பா: கெடவில்லை டா, ஸ்பர் தேய்ந்தால் மாற்றுகிற சாமான்தானே. மோட்டாரைப் பிடித்துக் குலுக்கிப் பார், ஆடுகிறதா?

அருண்: ஆடுகிறது. இரண்டு திருகு தளர்ந்திருக்கிறது.

சேகர் சித்தப்பா: அதுதான் காரணம். திருகு தளராமல் பிடிக்கும் த்ரெட்லாக் பசை போட்டாயா?

அருண்: போட்டேன். ஓட்டைக்குள் இருந்த எண்ணெயைத் துடைக்கவில்லை.

சேகர் சித்தப்பா: எண்ணெய் மேல் அது பிடிக்கவே பிடிக்காது. திருகையும் ஓட்டையையும் கழுவிக் காயவைத்து மறுபடி போடு, உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் மட்டும். அப்புறம் நோட்டுத் தாளில் ஒரு கீற்று கிழித்து, பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவில் விட்டு, மோட்டாரை அழுத்தித் திருகை முறுக்கு. சக்கரத்தைச் சுற்றித் தாளை வெளியே எடுத்தால் மடிப்பு மடிப்பாக வர வேண்டும், கிழிந்திருக்கக்கூடாது. ஸ்பரை முழுச் சுற்று சுற்றி நாலு இடத்தில் பார், ஒரு பக்கம் இறுகும் ஒரு பக்கம் தளரும்.

திவ்யா அக்கா: எஞ்சின் இருந்தபோது கிளட்ச் வழுக்கிப் பிடித்து மெதுவாகத்தான் வேகத்தைக் கொடுத்தது. மோட்டார் நின்ற இடத்திலேயே முழு முறுக்கையும் கொடுக்கும், அந்த அடி நேராகப் பல்லில் விழுகிறது. ஈஎஸ்சியில் கிளம்பும்போது முறுக்கு எவ்வளவு வேகமாக வர வேண்டும் என்ற பஞ்ச் அமைப்பைக் கீழே இறக்கு, முடிந்தால் இரும்பு ஸ்பர் போடு. பேட்டரி குறைந்தால் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் ஒரு செல்லுக்கு 3.4 வோல்ட்.

அடுத்த ஞாயிறு

அருண்: இரும்பு ஸ்பர் போட்டாயிற்று. தாள் மடிப்பைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன் சித்தப்பா, பாருங்கள், ரம்பப் பல் மாதிரி வந்திருக்கிறது. இருபது நிமிடம் ஓட்டினேன். நடுவில் இரண்டு முறை நிறுத்தி மோட்டார் சூடு பார்த்தேன், 62 டிகிரி. திருகு ஒன்றும் அசையவில்லை.

திவ்யா அக்கா: 62 நல்ல அளவு. 80ஐத் தொட்டால் பினியனில் ஒரு பல் குறை.

மாலதி அத்தை: சத்தமே இல்லையே! நைட்ரோ ஓடினால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

அருண்: வீடியோ அனுப்பியிருக்கிறேன். கடைசியில் சுவரில் முட்டி, தானே பின்னால் வந்து திரும்புகிறது பாருங்கள்.

சேகர் சித்தப்பா: அந்த வண்டிக்கு ரிவர்ஸே கிடையாது அருண். எங்காவது முட்டி நின்றால் நான் ஓடிப்போய்த் தூக்கித் திருப்பி வைப்பேன், அதற்குள் எஞ்சின் அணைந்துவிடும். பின்னால் வருகிற இடத்தை மட்டும் தனியாக வெட்டி அனுப்பு.