ஸ்கூட்டியிலிருந்து ஸ்பிளெண்டருக்கு: புது வண்டியை மலைப்பாதையில் எப்படிப் பழக்குவது?

மலையேறும் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். வீடு துறையூரில், வேலை பச்சைமலை மேலே ஒரு பள்ளியில். சோபனபுரம் அடிவாரத்தைத் தாண்டினால் டாப் செங்காட்டுப்பட்டி வரை வளைவும் ஏற்றமும்தான். பஸ் உண்டு, ஆனால் பள்ளி மணிக்கு அது வராது. இத்தனை வருடம் ஸ்கூட்டி பெப்பில் போய் வந்தேன். ஊருக்குள் தங்கமான வண்டி. மலையில் மட்டும், எதிரே மரவள்ளிக்கிழங்கு லாரி வந்தால் ஓரம் இறங்கி நிற்க வேண்டும். மறுபடி தார் விளிம்பில் ஏற அந்தப் பத்து அங்குலச் சக்கரம் படாத பாடு படும்.

அதனால் இந்த முறை ஸ்பிளெண்டர் பிளஸ். வீட்டில் எல்லோரும் ‘இன்னொரு ஸ்கூட்டரே எடு’ என்றார்கள். வாங்கப் போன இடத்தில் முதல் கேள்வியே ‘சாருக்கா மேடம்?’ எனக்குத்தான் என்று சொன்ன பிறகும் சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்கள். அவருக்குக் கியர் வண்டியே ஓட்டத் தெரியாது என்பது வேறு விஷயம்.

முதலில் பிடித்தது சக்கரம். பதினெட்டு அங்குலம். ஸ்கூட்டி ‘தடார்’ என்று விழுந்து எழும் பள்ளத்தில் இது சும்மா ஏறி இறங்கிப் போகிறது. முதுகுக்கு வித்தியாசம் அன்றைக்கே தெரிந்தது. எடை 112 கிலோ என்றதும் பயந்தேன். ஓடும்போது தெரியவே இல்லை. வீட்டு வாசல் சரிவில் பின்னால் தள்ளும்போது மட்டும் தெரிகிறது. சீட் உயரம் 785 மி.மீ. நான் ஐந்தடி ஒரு அங்குலம். இரண்டு காலையும் ஊன்றினால் முன்பாதம்தான் படுகிறது, ஒரு பக்கம் சாய்ந்தால் முழுப் பாதமும் படும்.

கியர்தான் பெரிய சமாசாரம். நியூட்ரல் மேலே, நான்கு கியரும் கீழே. முன்னால் விரலால் அழுத்தினால் கூடும், பின்னால் குதிகாலால் அழுத்தினால் குறையும். தட்டைச் செருப்பு போட்டால் குதிகால் லீவரைத் தேடுகிறது. கொஞ்சம் ஹீல் உள்ள செருப்பு என்றால் ‘டக்’கென்று விழுகிறது. ஹீல்ஸ் போட்டால் பைக் ஓட்ட முடியாது என்று சொன்னவர்களிடம் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது சந்தேகங்கள். ‘முதல் சர்வீஸ் வரை நாற்பதைத் தாண்டாதீர்கள்’ என்கிறார் விற்றவர். ‘நல்லா முறுக்குங்க, அப்பதான் இன்ஜின் திறக்கும்’ என்கிறார் பக்கத்து வீட்டுத் தம்பி. எனக்கோ தினமும் மலை. மூன்றாவது கியரில் ஏறினால் வண்டி முனகுகிறது, இரண்டாவதில் போனால் கத்துகிறது. எது தப்பு? இறங்கும்போது எந்தக் கியர்? வண்டி நின்றால் இன்ஜினைத் தானே அணைக்கும் அந்த ஐ3எஸ் சுவிட்சை என்ன செய்வது? பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் வண்டி திடீரென்று அமைதியானதும் நின்றே போய்விட்டது என்று நினைத்து செல்ஃபைத் தேடினேன்.

பட்டறைப் பக்கம்:

டீச்சர், வாழ்த்துகள். பக்கத்து வீட்டுத் தம்பி சொல்வதில் பாதி சரி, விற்றவர் சொல்வதிலும் பாதி சரி.

புது இன்ஜினில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று உரசிப் படிய வேண்டும். ஒரே வேகத்தில் உருட்டிக்கொண்டே போனால் அது சரியாகப் படியாது. அதற்காக முழுக்க முறுக்கிப் பிடித்து விரட்டவும் கூடாது. வேகம் ஏறி இறங்கி மாறிக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் மலைப்பாதையில் அது தானாகவே நடக்கிறது. ஒரு விதத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

வேகமானியில் உள்ள எண்ணைவிட எந்தக் கியரில் இருக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். இந்த இன்ஜினின் முழு இழுவை 8.05 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு 6000 சுற்றில்தான் கிடைக்கிறது. மூன்றாவதில் இருபதில் முனகிக்கொண்டு ஏறும்போது நீங்கள் அந்த இடத்துக்கு வெகு கீழே இருக்கிறீர்கள். திராட்டிலை எவ்வளவு திறந்தாலும் இழுக்காது, சூடுதான் ஏறும். இரண்டாவதில் ‘கத்துகிறது’ என்கிறீர்களே, அந்தச் சத்தம் ஸ்கூட்டி காதுக்குப் புதிது, அவ்வளவுதான். திராட்டிலில் கொஞ்சம் மிச்சம் வைத்து இரண்டாவதிலேயே ஏறுங்கள். இந்த வண்டியில் சுற்று காட்டும் மீட்டர் கிடையாது, காதுதான் மீட்டர்.

இறங்கும்போது, ஏறிய அதே கியரில் இறங்குங்கள். திராட்டிலை விட்டுவிட்டால் இன்ஜினே பிடித்து நிறுத்தும். கிளட்சைப் பிடித்துக்கொண்டோ, நியூட்ரலில் போட்டோ உருளவே கூடாது. ஸ்கூட்டி ஓட்டியவர்களுக்கு பிரேக்கிலேயே தொங்கிக்கொண்டு இறங்கிப் பழக்கம். இதில் முன்னும் பின்னும் 130 மி.மீ. டிரம். வளைவுக்கு வளைவு அதையே அழுத்திக்கொண்டு வந்தால் சூடேறி, அடிவாரம் வருவதற்குள் பிடிப்பு குறையும். அழுத்துங்கள், வண்டி மெதுவானதும் உடனே விடுங்கள், டிரம் ஆறட்டும். பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு இப்படி ஒன்று 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயம். அதனால் ஈரத் தாரில் பயப்படாமல் பெடலை நம்பலாம், ஆனால் சக்கரம் பூட்டாது என்று நினைத்துவிடாதீர்கள். அது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லை.

முதல் சர்வீஸைத் தள்ளிப் போடவேண்டாம். புது இன்ஜின் உரசி உதிர்க்கும் உலோகத் தூள் எல்லாம் அந்த முதல் ஆயிலில்தான் இருக்கும். இந்த இன்ஜினில் கழற்றிப் போடுகிற காகித ஆயில் ஃபில்டர் கிடையாது, ஒரு சல்லடையும் சுழல் வடிகட்டியும்தான். ஆயிலை வடிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், வெயிலில் மினுமினுக்கும்.

சிடி100 பெரியவர்:

அம்மா, 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி100 வந்த புதிதில் எடுத்தவன் நான். அந்த வண்டியின் வம்சம்தான் உங்களுடையது. 1994இல் ஸ்பிளெண்டர் வந்தது. 2010 டிசம்பரில் ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதாக அறிவித்தபோது இந்த வண்டி இனி வருமா என்று எங்கள் தெருவே கவலைப்பட்டது. இன்றைக்கும் அதே 97.2 சிசி, படுத்த மாதிரி இருக்கிற அதே சிலிண்டர். அதனால்தான் எந்தக் குக்கிராமத்திலும் இதற்கு மெக்கானிக் கிடைக்கிறான்.

ஒன்றுதான் மாறிப்போனது. 2020இல் பிஎஸ்6 என்கிற புகை விதி வந்ததும் கார்புரேட்டர் போய், பெட்ரோலைப் பீய்ச்சித் தரும் எஃப்ஐ வந்தது. இப்போது பெட்ரோல் குழாயைத் திருப்பி ரிசர்வில் போடும் வேலை இல்லை. டேங்கைக் காலியாகும் வரை ஓட்டாதீர்கள். பம்ப் டேங்க் உள்ளேயே இருக்கிறது, பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சி. மலை மேலே பங்கும் தூரம். சாவியைத் திருப்பியதும் ‘ஸ்ஸ்’ என்று மெல்லிய சத்தம் வரும், மஞ்சள் விளக்கு எரிந்து அணையும். அதுவரை பொறுத்து செல்ஃப் அடியுங்கள். என் பேரனுக்கு அந்த இரண்டு விநாடிப் பொறுமை கிடையாது.

ஐ3எஸ் எனக்குப் பிடிக்காது. ஓடுகிற இன்ஜின் ஓடட்டுமே!

காட்பாடி கியர்காரி:

பெரியவர் கோபித்துக்கொள்ள வேண்டாம், நான் ஐ3எஸ் கட்சி. நின்றபடி நியூட்ரலில் போட்டு கிளட்சை விட்டால் சில விநாடிகளில் இன்ஜின் நிற்கும், கிளட்சை மறுபடி பிடித்தாலே ஓடும். செல்ஃப் தேட வேண்டாம் டீச்சர். காட்பாடி ரயில்வே மேம்பாலத்தின் கீழ் நிற்கும் நேரத்துக்கு இது எனக்கு லாபம். உங்களுக்கு மலையில் நிற்கிற இடமே குறைவு, பழகும்வரை அணைத்தே வையுங்கள். ஏற்றத்தில் கிளட்ச், பிரேக், திராட்டில் மூன்றையும் ஒன்றாகப் பழகும்போது நான்காவதாக ஒரு குழப்பம் எதற்கு?

உடை பற்றி யாரும் சொல்லவில்லை. செயினுக்கு முழு உறை இருக்கிறது, அந்தப் பயம் இல்லை. பயம் பின் சக்கரத்துக்குத்தான். துப்பட்டாவைக் குறுக்கே கட்டி இடுப்பில் முடிச்சுப் போடுங்கள், சேலை என்றால் முந்தானையைச் செருகிப் பின் குத்துங்கள். பில்லில் சாரி கார்டு என்று தனியாகக் காசு போட்டிருக்கிறார்களா பாருங்கள். பின் சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு, பின்னால் இருப்பவர் பிடிக்கக் கைப்பிடி, கால் வைக்கும் இடம் எல்லாம் மத்திய மோட்டார் வாகன விதி 123இன்படி வண்டியோடு வரவேண்டியவை, கூடுதல் அலங்காரம் கிடையாது. என்னிடமும் கேட்டார்கள். விதி எண்ணைச் சொன்னதும் அந்த வரி பில்லிலிருந்து காணாமல் போனது.

உயரத்துக்கு சீட்டை வெட்டிவிடாதீர்கள். நிற்கும்போது இடது கால் தரையில், வலது கால் பின் பிரேக்கில். இரண்டு காலும் எட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மலையேறும் டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. இன்று இரண்டாவது கியரிலேயே ஏறினேன். சத்தத்துக்கு ஒரு ஆடு மேய்க்கும் அம்மா திரும்பிப் பார்த்தார், வண்டி திரும்பியே பார்க்கவில்லை. இறங்கும்போது பிரேக்கைத் தொட்டது வளைவுகளில் மட்டும்தான். பில்லைத் தேடி எடுத்தேன், கியர்காரி சொன்ன வரி இருக்கிறது. சனிக்கிழமை போய்க் கேட்கப் போகிறேன், இந்த முறை வீட்டுக்காரர் இல்லாமல்.

இன்னொரு கேள்வி. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் மைலேஜ்தான் கேட்கிறார்கள். எப்படிக் கணக்குப் போடுவது?

பட்டறைப் பக்கம்:

முதல் சர்வீஸ் முடியும்வரை அந்தக் கணக்கே வேண்டாம், இன்ஜின் இன்னும் இறுக்கமாக இருக்கும். அப்புறம் ஒரு பங்கில் டேங்க் நிறையப் போட்டு மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். சில நாள் ஓட்டிவிட்டு அதே பங்கில், அதே அளவுக்கு மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்தால் விடை. சமவெளிக்காரர்கள் அறுபது, எழுபது என்பார்கள். மலையில் அது வராது, அதற்காக வண்டியைச் சந்தேகப்பட வேண்டாம். முதல் சர்வீஸுக்கு விடும்போது கிளட்ச் கேபிளில் தளர்வு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள், புது கேபிள் கொஞ்சம் நீளும். நியூட்ரல் விழ அடம்பிடித்தாலும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.