ஸ்விஃப்ட் ஹெட்லைட்டை வீட்டிலேயே பிரிக்கலாமா? ஓடிஜி அடுப்பு போதுமா?

மேலூர் ரோடு:
வண்டி 2009 ஸ்விஃப்ட். மாதம் இரண்டு தடவையாவது ராத்திரியில் தேனிக்குப் போக வேண்டியிருக்கிறது, மாமியார் வீடு. உசிலம்பட்டி தாண்டிக் கணவாய் ஏறும்போது ரோட்டோர வெள்ளைக் கோடே தெரிவதில்லை. ஹெட்லைட் கண்ணாடி மஞ்சள் பூத்துக் கிடக்கிறது. வலது பக்கம் மழை பெய்தால் உள்ளே முத்து முத்தாக நீர் கோக்கிறது. ஹெட்லைட்டுக்குள்ளே மாட்டுகிற, லென்ஸ் வைத்த எல்இடி ப்ரொஜெக்டர் விளக்கு ஒரு ஜோடி ஆன்லைனில் வாங்கிவிட்டேன். ஹெட்லைட்டை ஓடிஜியில் வைத்துச் சூடாக்கினால் கண்ணாடி தனியாக வந்துவிடும் என்று வீடியோவில் காட்டுகிறார்கள். வீட்டில் கேக் செய்கிற ஓடிஜி இருக்கிறது, வீட்டம்மா ஊருக்குப் போகிற ஞாயிறும் வருகிறது. எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம்? செய்தவர்கள் சொல்லுங்கள்.

கூடல்நகர்:
தம்பி, முதலில் டேப் எடுத்து ஓடிஜியை அளந்து பாருங்கள். ஹெட்லைட் அதற்குள் நுழையாது. நானும் ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் ஆரம்பித்தேன், கதவு மூடவில்லை. அப்புறம் அட்டைப்பெட்டி, சூடான காற்று அடிக்கிற ஹீட் கன் என்று போனேன்.

பிரிப்பது பெரிய வித்தை இல்லை. பல்பு, பின்பக்க ரப்பர் மூடி, ஸ்க்ரூ, கிளிப் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஓரத்தில் இருக்கிற பசையைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். சூயிங்கம் மாதிரி அமுங்கினால் பியூட்டைல் என்கிற ரப்பர் பசை. 100 டிகிரி பக்கம் சூடு போனால் இளகும், பைய நெம்பலாம். கல்லு மாதிரி இருந்தால் விட்டுவிடுங்கள், அது சூட்டுக்கு மசியாது, கண்ணாடிதான் உடையும். கண்ணாடி என்கிறோமே தவிர அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். ஹீட் கன்னை ஒரே இடத்தில் பிடித்தால் நெளிந்துவிடும்.

நான் கெட்டது பிரித்த பிறகுதான். பல்புக்குப் பின்னால் பளபளவென்று இருக்கிற ரிஃப்ளெக்டரில் லேசாகத் தூசி தெரிந்தது, சும்மா இருக்காமல் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன். துணியில் வெள்ளி வெள்ளியாக ஒட்டிக்கொண்டு வந்தது. அது அலுமினியப் பூச்சு, முடியை விட மெல்லிசு. மூடும்போது பியூட்டைல் கிடைக்கவில்லை என்று கடையில் கொடுத்த சிலிகானை வைத்து ஒட்டினேன். வினிகர் வாடை அடிக்கிற வகை. அந்த ஆவி உள்ளேயே தங்கி மிச்சமிருந்த பளபளப்பையும் மங்கடித்துவிட்டது. கடைசியில் புது ஹெட்லைட்தான் வாங்கினேன், வீட்டில் விலையைச் சொல்லவில்லை.

உங்களுக்குப் பிரிக்கவே தேவை இருக்காது என்று நினைக்கிறேன். மஞ்சள் வெளிப்பக்கம்தான் இருக்கும், வெயிலில் வருவது. 800, 1500, 2000 நம்பர் என்று வரிசையாக வாட்டர் பேப்பர் (உப்புத்தாள்) வைத்துத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே யூவி தாங்கும் கிளியர் கோட் அடியுங்கள். கோட் அடிக்காவிட்டால் நம்மூர் வெயிலுக்குச் சில மாதத்தில் திரும்ப மஞ்சளாகும். நீர் கோப்பதற்குப் பின்பக்க ரப்பர் மூடி கிழிந்திருக்கிறதா பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டபடியே ஹோல்டரில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பல்புக்கு வருகிற வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சத்தில் முப்பது சதவீதம் போய்விடும். இதைப் பார்க்காமல் 100 வாட்ஸ் பல்பு போட்டு ஹோல்டரை உருக்கியவர்கள் நிறைய.

ஆண்டிபட்டி பஸ்:
அந்தக் கணவாயில் தினமும் பஸ் ஓட்டுகிறேன். ஹாலஜன் ஹெட்லைட்டுக்குள் எல்இடி பல்பைச் சொருகிக்கொண்டு வருகிறவர்களால்தான் எங்களுக்குக் கண் போகிறது. டிம் அடித்தாலும் ஒன்றுதான், அடிக்காவிட்டாலும் ஒன்றுதான். ப்ரொஜெக்டர் அந்த விதத்தில் பரவாயில்லை, வெளிச்சம் கோடு போட்ட மாதிரி வெட்டி நிற்கும். ஆனால் நீங்கள் வாங்கியது எந்த நாட்டு ரோட்டுக்கு என்று பாருங்கள். சுவரில் அடித்தால் அந்தக் கோடு இடது பக்கம் மேலே ஏற வேண்டும். வலது பக்கம் ஏறினால் நேராக என் கண்ணுக்குத்தான் வரும். எதைப் போட்டாலும் 25 அடி தள்ளி நிறுத்தி, கோடு லைட் உயரத்துக்கு மூன்று அங்குலம் கீழே நிற்கிற மாதிரி வையுங்கள். இன்னொன்று, எதிரே வருகிறவர் கண் கூசக் கூடாது என்று மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. செக்கிங்கில் பிடித்தால் வாதாட முடியாது.

மேலூர் ரோடு:
ரெண்டு அண்ணன்களுக்கும் நன்றி. ஓடிஜி தப்பித்தது. பேட்டரியில் 14.1 வோல்ட் காட்டுகிறது, வலது ஹோல்டரில் 11.4. எர்த் போல்ட்டைச் சுற்றி ஒரே துரு. சுரண்டி இறுக்கி, பேட்டரியிலிருந்து பல்புக்கு நேராகக் கரண்ட் விடுகிற ரிலே சுவிட்ச் வைத்துப் புது வயர் இழுத்ததும் 13.3 வந்துவிட்டது. ரப்பர் மூடியிலும் விரல் நுழைகிற அளவுக்குக் கிழிசல், 90 ரூபாயில் முடிந்தது. மஞ்சளைத் தேய்க்க ஒரு முழு நாள் ஆனது, மறுநாள் தோளைத் தூக்க முடியவில்லை. போன வாரம் கணவாயில் கோடு தெரிந்தது, கூடவே ஓரத்தில் படுத்திருந்த மாடும் தெரிந்தது.

ப்ரொஜெக்டரைப் பேட்டரியில் கொடுத்து மாடிச் சுவரில் அடித்துப் பார்த்தேன். பஸ் அண்ணன் சொன்னது சரி, வலது பக்கம் ஏறுகிறது. திருப்பி அனுப்புகிற தேதியும் தாண்டிவிட்டது. ரோட்டின் வலது பக்கம் வண்டி ஓட்டுகிற துபாயில் மச்சான் கார் வைத்திருக்கிறான், அவனுக்குத்தான் சரிப்படும்.