பாட்டி கேட்டதற்குப் பதில் தெரியாமல் திரும்பினேன்

சிப்புட் வாத்தியார்

நான் கெடா சிந்தோக்கில், வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தது 1998இல். நிதி நெருக்கடியில் ரிங்கிட்டை (நம் பேச்சில் வெள்ளி) ஒரு அமெரிக்க டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்ட வருடம், வேலை நிலவரம் உங்களுக்கே தெரியும். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், முதல் பட்டதாரி நான்தான். வணிக நிர்வாகம் படித்துவிட்டு ஈப்போவில் ஒரு பேரங்காடிக் கிடங்கில் பால் டின் எண்ணினேன், அப்புறம் ஒரு தொழிற்சாலை ஸ்டோர், அப்புறம் காப்புறுதி முகவர். முகவர் என்றால் முதலில் தெரிந்த முகங்களிடம்தானே போவோம், சுங்கை சிப்புட்டுக்கே திரும்பி வந்து தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினேன்.

ஒரு மத்தியானம் ஒரு பாட்டி வீட்டில் பாரத்தை விரித்து உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்துபோய் தகரப் பெட்டியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே நான்காக மடித்த காகிதம், மடிப்பெல்லாம் கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது. தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம். தோட்டத் தொழிலாளர்களே பணம் போட்டுத் தோட்டம் வாங்க துன் சம்பந்தன் தொடங்கிய சங்கம் அது.

"தாத்தா கட்டுன காசுய்யா. சம்பந்தன் ஐயா சொன்னாருன்னு பத்து பத்து வெள்ளியா கட்டுனாரு. அவரு போயிட்டாரு. இது இப்ப யாருக்குச் சேரும்? நீ படிச்ச பிள்ளையாச்சே, சொல்லு."

ரப்பர் பால் கறை போகாத விரல் அந்தக் காகிதத்தின் மேலேயே இருந்தது. மூன்று வருடம் படித்தேன், எனக்குப் பதில் தெரியவில்லை. "ஆபீஸ்ல கேளுங்க பாட்டி" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் அதை அதே மடிப்பில் மடித்து உள்ளே வைத்தார்.

பிறகு ஆசிரியர் பயிற்சிக்குப் போய், இப்போது படிவம் 4, 5க்கு வணிகம் எடுக்கிறேன். கூட்டுறவு என்ற பாடம் வந்தால் புத்தகத்தை மூடிவிட்டு, பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் ஆரம்பித்து, 1960இல் சங்கம் தொடங்கியது, முதலில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது என்று சொல்வேன். பாட்டியைத் தேடி ஒருமுறை போனேன். லயம் காலி, சுற்றிலும் செம்பனைக் கன்று.

முறுக்கு டீச்சர்

சார், எனக்கும் அப்படித்தான் ஒன்று. வக்கீல் ஆபீஸ் கிராணி (குமாஸ்தா), துணிக்கடைக் கணக்கு என்று ஒன்பது வருடம் சுற்றிவிட்டுத்தான் வகுப்பறைக்கு வந்தேன். அடக்கவிலை பாடத்துக்கு ஒரு பிள்ளை தன் அம்மா சுடும் முறுக்கையே கணக்குப் போட்டு வந்தாள். மாவு, எண்ணெய், கேஸ், பிளாஸ்டிக் பை, எல்லாம் சரி. "அம்மாவோட கூலி எங்கே?" என்று கேட்டேன். "அம்மாவுக்கு எதுக்கு டீச்சர் கூலி, அவங்க வீட்டுலதானே இருக்காங்க" என்றாள். எனக்கு அப்படியே தொண்டை அடைத்துவிட்டது, ஏனென்றால் என் அம்மா விடியற்காலை மூன்று மணிக்குத் தோசைக்கல் போட்டதை நானும் ஒருநாளும் கணக்கில் எழுதவில்லை. ஆனால் ஒன்று, நீங்கள் புத்தகத்தை மூடிவிட்டுப் பாடம் எடுப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு மார்க்குதான் வெளியே போகும் கதவு.

தஞ்சோங் மாலிம் அண்ணன்

என் கதை சின்னது: லோரி அட்டெண்டர், வங்கியில் தற்காலிகம், இப்போது விரிவுரையாளர். சொல்ல வந்தது வேறு. சார், பாட்டி கேட்டது ரொம்ப எளிதான கேள்வி. உறுப்பினர் வாரிசுதாரர் பெயரைப் பதிந்து வைத்தாரா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பதிந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, அந்தப் பத்திரம் மூன்றையும் எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு நேரே போக வேண்டியதுதான். ஊழியர் சேமநிதிக்கும் இதே கவனம் வேண்டும், அப்பா அம்மா உயிரோடு இருக்கும்போதே கேட்டுப் பதியவையுங்கள், கல்யாணத்துக்கு முன் எழுதிய பெயர் அப்படியே கிடக்கிறதா என்றும் பாருங்கள். இன்னொன்று, வணிகப் பட்டம் முடித்த தம்பி தங்கைகள் யாராவது அரசுப் பள்ளியில் ஆசிரியராக நினைத்தால் பட்டம் மட்டும் போதாது, கல்வியியல் டிப்ளோமாவும் வேண்டும். தற்காலிக ஆசிரியராகவே வருடக்கணக்கில் ஓட்டிவிடாதீர்கள்.

சிப்புட் வாத்தியார்

அண்ணே, அதெல்லாம் இப்போது எனக்கும் தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை, அதைத்தான் எழுதினேன். பாட்டியின் பையன் தைப்பிங் பக்கம் குடிபோனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். 2000 வாக்கில் சிப்புட்டிலிருந்து அந்தப் பக்கம் வந்த குடும்பம் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். செலோடேப் ஒட்டிய பத்திரம் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியும்.